நாலாம் மேசைக்கு வரும் அழைப்புகள்

புதன்கிழமை

மதிப்பிற்குரிய மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் ஐயாவா, அம்மாவா என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் பெரிய மனது பண்ணி இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படிக்க வேண்டும். தங்கள் அவசர உதவி அழைப்பு மையத்தில் நாலாம் மேசையில் உட்கார்ந்து போன் எடுக்கிறானே, திக்கித் திக்கிப் பேசுகிற பையன், அவனுடைய அக்கா நான். பையன் என்று எழுதிவிட்டேன். அவனுக்கு முப்பத்து நான்கு வயது. என் கண்ணுக்கு அவன் இன்னும் அரை டிராயர் போட்ட பையன்தான்.

நேற்று மதியம் அவன் எனக்குப் போன் பண்ணினான். "அக்கா, என் மேல ஒரு பு... பு..." என்று ஆரம்பித்தான். "புகாரா?" என்றேன். ஆமாம் என்றான். "இன்னைக்கு வி..." என்றான். "விசாரணை வச்சுட்டாங்களா?" என்றேன். அதற்கும் ஆமாம். பிறகு "அவங்க என்னை..." என்று சொல்லி நின்றுவிட்டான். "வேலையை விட்டு அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை. அந்த மௌனத்துக்கு வேறென்ன அர்த்தம்? ஓவென்று அழுதுவிட்டேன். நான் அழுது முடித்த பிறகு அவன் மறுபடியும் ஏதோ சொல்ல வந்தான். "நீ ஒண்ணும் பேசாத, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இந்தக் கடிதம்தான் நான் பார்த்துக்கொள்வது.

அவனுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர், "எதுக்கும் அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுது" என்றார். வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிற மனிதர், அதில் ஒன்றை இதற்குச் செலவு பண்ணியிருக்கிறார். இருந்தாலும் என் மனது கேட்கவில்லை. என் தம்பி வாயில்லாப் பூச்சி. தனக்காக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வாய் நான்தான்.

அவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே எங்கள் அம்மா போய்விட்டார். எனக்கு அப்போது பத்து. முடி வெட்டக் கூட்டிக்கொண்டு போனால் எப்படி வெட்ட வேண்டும் என்று நான் சொல்வேன். டாக்டரிடம் போனால் எங்கே வலிக்கிறது என்று நான் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் அவனைக் 'கீறல் ரெக்கார்டு' என்று கூப்பிட்ட இரண்டு பேரின் காதைத் திருகிவிட்டு வந்தவளும் நான்தான். வாத்தியார் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தும் தெரியாது என்பான். 'தெரியாது' என்பது அவனுக்குத் திக்காமல் வரும்.

அடுத்து எழுதப்போவதை அவன் அங்கே யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்குப் பதின்மூன்று வயதில், ஒரு விடுமுறை நாள் மத்தியானம், அப்பா அடுக்களை வாசலில் மயங்கி விழுந்தார். வீட்டில் அவன் மட்டும்தான். நான் தையல் வகுப்புக்குப் போயிருந்தேன். அவன் அவசர எண்ணுக்குப் போன் போட்டான். எடுத்தவர் ஹலோ, ஹலோ என்றிருக்கிறார். இவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "போனை வச்சு விளையாடாதீங்க" என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டான். மறுபடியும் வைத்துவிட்டார். தெருவுக்கு ஓடி, எதிர்ச் சலவைக் கடைக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். வண்டி வந்து சேர முக்கால் மணி நேரம். இன்னும் அரை மணி முன்னால் வந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்ல ஆரம்பித்தார், எங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இதற்குப் பிறகு அவன் போனையே வெறுத்திருக்க வேண்டுமா இல்லையா? நானாக இருந்தால் போன் இருக்கிற வீட்டுக்கே போக மாட்டேன். அவனோ பதினெட்டு வயதில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டான். தினம் பத்துக் கடைகளுக்குப் போன் பண்ணி, எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று கேட்பான். கேட்டு முடித்தால் ஒரு டிக். பாதியில் வைத்துவிட்டால் ஒரு கோடு. ஒரு இரும்புச் சாமான் கடைக்காரர் பதினாலு தடவை வைத்துவிட்டார். பதினைந்தாவது தடவை, "ஒன்பதரைக்குத் திறப்போம்பா, நீ வந்து ஒரு ஆணியாவது வாங்குடா" என்றாராம். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த சிரிப்பை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். போய் ஆணியும் வாங்கி வந்தான். அந்த ஆணியில்தான் அப்பா படம் மாட்டியிருக்கிறது. ஒருநாள் அவன் படும் பாடு தாங்காமல் போனைப் பிடுங்கி நானே கேட்டுச் சொன்னேன். இரண்டு நாள் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. உதவி பண்ணினால் கோபம் வருகிற ஆள் அவன்.

ஆறு வருஷம் அப்படிப் பழகினான். தங்கள் மையத்துத் தேர்வில் இரண்டு தடவை குரல் சோதனையில் தள்ளிவிட்டார்கள். மூன்றாவது தடவை எடுத்தார்கள். எடுத்தவர் யாரோ, அவர் நன்றாக இருக்க வேண்டும். இவ்வளவு அடி வாங்கி, விழுந்து எழுந்து வந்தவனை ஒரு புகாருக்காக வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். போன் வேலை சரிப்படாது என்றால் காகிதம் அடுக்குகிற வேலையாவது கொடுங்கள். வாய் திறக்க வேண்டாத ஏதாவது ஒரு மூலையில் உட்கார வையுங்கள். அவன் ஒன்றும் சொல்ல மாட்டான்.

இப்படிக்கு,
அவனுக்காகக் கெஞ்சும் அக்கா

* * *

வெள்ளிக்கிழமை

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். நான் ஐயா இல்லை, அம்மாதான். உங்கள் கடிதத்தைக் கடைசி வரை படித்தேன். எங்கள் வேலையில் முக்கியமானதை முதலில் சொல்லிப் பழக்கம். அதனால் இதையும் அப்படியே சொல்கிறேன். உங்கள் தம்பியை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கே விசாரணை முடிந்து, புகார் தள்ளுபடியாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் சாப்பாட்டு இடைவேளையில் உங்களுக்குப் போன் பண்ணியிருக்கிறார். இடைவேளை இருபது நிமிடம். அதை யார் செலவழித்தார்கள் என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து எங்கள் அறையைப் பார்க்க முடியாது என்பதால், கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

ஆறு மேசை போட்ட, ஜன்னல் இல்லாத அறை இது. ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் அழைப்பு வரும். அதில் எழுபது எண்பது, யாரும் பேசாத அழைப்பு. பாக்கெட்டுக்குள் கிடக்கும் போன் தானாகக் கூப்பிடும். குழந்தைகள் அழுத்தி விளையாடும். சும்மா கூப்பிட்டு மூச்சு விடுகிறவர்களும் உண்டு. மூன்று முறை ஹலோ சொல்லி, பதில் வராவிட்டால் துண்டிக்கலாம் என்பது எங்கள் விதி. உங்கள் தம்பி மட்டும் துண்டிக்க மாட்டார். வந்த புதிதில் இதற்காக நானே அவரைப் பிடித்துத் திட்டியிருக்கிறேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார், போய் உட்கார்ந்து அதையேதான் செய்வார். வாயில்லாப் பூச்சி என்று எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு பிடிவாதமான பூச்சியை நான் பார்த்ததில்லை.

நான் திட்டுவதை நிறுத்திய நாளைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு, பிற்பகல் மூன்று மணிக்குச் சில நிமிடம் முன்னால், இரண்டாம் மேசைக்கு ஒரு அழைப்பு வந்தது. அந்தப் பெண் மூன்று முறை ஹலோ சொன்னாள். கரகரவென்று மூச்சுச் சத்தம் மட்டும். "குடிச்சுட்டுக் கூப்பிடறாங்க மேடம்" என்றாள். உங்கள் தம்பி கை தூக்கி, அதைத் தன் மேசைக்கு மாற்றச் சொன்னார். பதிவை நான் பல முறை கேட்டிருக்கிறேன். "நா... நா... நான் இருக்கேன். அவ... அவசரமில்ல" என்கிறார். இந்தப் பக்கமும் ஒருவர் வார்த்தைக்குப் படாத பாடு படுகிறார் என்று அந்தப் பக்கம் தெரிந்திருக்க வேண்டும். அந்த மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டதை நீங்களே கேட்டால் உணர்வீர்கள். "பேச முடியலன்னா போனைத் த... தட்டுங்க. ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு" என்றார். ஒரு தட்டு வந்தது.

வீடா? இரண்டு தட்டு. கடையா? ஒரு தட்டு. மேலே எதுவும் கேட்காமல், பின்னால் என்ன சத்தம் வருகிறது என்று காதைக் கொடுத்தார். ஏன் கேள்வியை நிறுத்திவிட்டார் என்று புரியாமல் நான் எழுந்து அவர் மேசைக்குப் போனேன். அப்போது மணி மூன்று ஆனது. போனுக்குள் ஒரு கடிகாரம் அடித்தது. அது முடிவதற்குள் இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றும் அது அது இஷ்டத்துக்கு. "க... கடிகாரம் ரிப்பேர் பண்ற கடையா?" என்றார். ஒரு தட்டு. அழைப்பு வந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட கடைகள் இரண்டுதான். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலா என்று கேட்டார், இரண்டு தட்டு. ஒன்பதாவது நிமிடம் வண்டி அந்த இன்னொரு கடை வாசலில் நின்றது. பக்கவாதம் வந்து நாக்கு இழுத்துக்கொண்ட ஒரு மனிதர், மேசைக்கடியில் விழுந்து கிடந்தார். அவர் இப்போது நடக்கிறார். போன வருஷம் எங்கள் அறைக்கு ஒரு கடிகாரம் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். அது நாலு நிமிடம் தாமதமாக ஓடும். உங்கள் தம்பி அதைச் சரிசெய்ய விடமாட்டேன் என்கிறார்.

அன்று முதல் எங்கள் அறையில் ஒரு பழக்கம். யாரும் பேசாத அழைப்பு வந்தால், எந்த மேசையாக இருந்தாலும் கை தூக்கி, "நாலுக்குத் தள்ளு" என்பார்கள். நான் கணக்குப் பார்த்தேன். பதினோரு பேர் இப்படிப் பிழைத்திருக்கிறார்கள். பேச வராத ஒருவரை ஏன் போனில் உட்கார வைத்தேன் என்று மேலிடத்தில் பலர் என்னைக் கேட்டதுண்டு. குரல் சோதனைக்கு வந்த நாற்பத்தொரு பேரில், விலாசத்தைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தவர் இவர் ஒருவர்தான், அதனால் எடுத்தேன். எடுத்தவள் நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நன்றாகத்தான் இருக்கிறேன், நன்றி.

இனி விசாரணை. ஒருவர் தன் அம்மாவுக்காகக் கூப்பிட்டிருக்கிறார். அந்த அம்மா பிழைத்துவிட்டார், வண்டியும் நேரத்துக்குப் போனது. ஆனால் பேசத் தெரியாதவனை எப்படி வேலைக்கு வைத்தீர்கள் என்று புகார் எழுதிவிட்டார். பதற்றத்தில் இருந்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று பேர் கொண்ட குழு வந்தது. நாலாம் மேசையின் அழைப்புகள் சராசரியாகப் பதினாலு வினாடி கூடுதலாக ஓடுவதைக் காட்டினார்கள். நான் இன்னொரு தாளைக் காட்டினேன். நாலு வருஷத்தில் நாலாம் மேசையிலிருந்து ஒரு வண்டிகூடத் தவறான விலாசத்துக்குப் போகவில்லை. மற்ற மேசைகளில் மாதத்துக்கு ஒன்றாவது போகும்.

பிறகு அவரைப் பேசச் சொன்னார்கள். குழுவில் ஒருவர் நல்ல மனிதர். இவர் திக்கும்போதெல்லாம் பாவமாக இருந்திருக்கும் போல, வார்த்தைகளை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். உங்கள் தம்பி, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி கையைத் தூக்கினார். "மன்னிக்கணும். நா... நானே முடிக்கிறேன்" என்றார். முடித்தார். பதினோரு நிமிடம் ஆனது. யாரும் குறுக்கே பேசவில்லை. யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான் என்று நீங்கள் எழுதிய விஷயத்தை, உங்கள் அப்பா விழுந்த அந்த மத்தியானத்தை, அவரே அங்கே சொன்னார். அன்று போனை வைத்தவர் மேல் கோபம் இல்லை என்றார். காத்திருக்கணும்னு அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்றார். அப்புறம், தன் வேலையைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்காமல், விதியை மாற்றச் சொல்லிக் கேட்டார். முப்பது வருஷ சர்வீஸில் நான் அலுவலகத்தில் அழுதது அன்று ஒருநாள்தான்.

விதி மாறிவிட்டது. பேசாத அழைப்பை இனி மூன்று நிமிடத்துக்கு யாரும் துண்டிக்கக் கூடாது, தட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். சுவரில் ஒட்டியாகிவிட்டது. அடுத்த மாதம் புதிதாக ஆறு பேர் சேர்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவரைத்தான் குழு நியமித்திருக்கிறது. "அவங்க என்னை" என்று அவர் ஆரம்பித்த வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன். ஒருவரைப் பற்றி அவருக்குத் தெரியாத காகிதம் என் மேசையில் இருப்பது சரியில்லை. நின்றபடியே படித்தார். காகிதம் அடுக்குகிற வேலை என்ற வரியில் வெகு நேரம் நின்றார். நான் வச்சுக்கலாமா என்று மட்டும் கேட்டார். சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டார். உங்களிடம் ஏதாவது சொல்வார் என்றால், அதை அவரே முடிக்கட்டும்.

இப்படிக்கு,
மேற்பார்வையாளர்

* * *

திங்கட்கிழமை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம், நலம்தானா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. உங்கள் மேடத்தின் கடிதம் சனிக்கிழமை வந்தது. வாசலில் நின்றே படித்தேன். படித்து முடித்ததும் மாமாவிடம் கொடுத்தேன். அவரும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ஆறு நாளாக நீ போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை. பண்ணினால் நானேதான் பேசிக்கொண்டிருப்பேன், எனக்கு என்னைத் தெரியாதா? அதனால்தான் கடிதம்.

பெரிய தப்புப் பண்ணிவிட்டேன். உன்னைக் கேட்காமல் எழுதியது ஒரு தப்பு. அப்பா விஷயத்தை முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதியது இன்னொரு தப்பு. அதையெல்லாம் விட, உன்னை ஒரு மூலையில் உட்கார வைக்கச் சொன்னேனே, அதுதான் எனக்கே பொறுக்கவில்லை. பதினோரு உயிரைக் காதால் பிடித்து இழுத்து வந்தவனுக்குக் காகிதம் அடுக்கும் வேலை வாங்கித் தரப் பார்த்திருக்கிறேன். என் வாயை என்ன சொல்வது!

அந்தக் கடிகாரக் கடைப் பகுதியை மட்டும் இதுவரை ஆறு தடவை படித்திருப்பேன். எதிர் வீட்டுக்காரி, பால்காரர், தபால்காரர், எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. தபால்காரர் இன்று எங்கள் வீட்டுத் தபாலைக் கேட்டுக்கு மேலேயே வீசிவிட்டு ஓடிவிட்டார். எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறதடா. மூன்று அதிகாரிகளுக்கு முன்னால் கையைத் தூக்கி, நானே முடிக்கிறேன் என்று சொன்னாயாமே. அந்தக் கை எனக்கும் சேர்த்துத் தூக்கிய கை என்று புரிந்துகொண்டேன். ஒருநாளும் நீ என் முன்னால் அதைத் தூக்கியதில்லை. ஏன் தூக்கவில்லை? அடித்துவிடுவேன் என்றா? பாவம் அக்கா, பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாயா?

கடையில் நடந்ததைச் சொல்கிறேன், கேள். கண்ணாடிக் கடையில் என் வேலை என்ன? வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, சுவரில் இருக்கிற எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வது. கடைசி வரியில் எல்லோரும் தடுமாறுவார்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசிப்பார்கள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. எழுத்தை நானே சொல்லிக் கொடுத்துவிடுவேன். அவர்களும் ஆமாம், அதேதான் என்பார்கள். என்னால் எத்தனை பேர் பவர் குறைந்த கண்ணாடியோடு ஊரைச் சுற்றுகிறார்களோ! போன வருஷம் ஒரு லாரி டிரைவர் கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்து, "அம்மா, உங்க கண்ணுக்குத்தான் இது சரியா இருக்கும்" என்றார். முதலாளி என் தலையில் அடிக்காத குறை.

இன்று காலை ஒரு பெரியம்மா வந்தார். கடைசி வரியின் மூன்றாவது எழுத்தில் நின்றுவிட்டார். நான் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்கு வியர்த்துவிட்டது. நாற்பது வினாடி, தம்பி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்பது வினாடியில் அந்த அம்மா சொன்னார், அதுவும் சரியாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அந்த இரும்புக் கடைக்காரர் ஞாபகம் வந்துவிட்டது. முதலாளி எட்டிப் பார்த்து, உடம்பு சரியில்லையா, வீட்டுக்குப் போறியா என்று கேட்டார். நான் பேசாமல் இருந்தால் இந்த உலகம் அப்படித்தான் நினைக்கும் போல.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமான விஷயம். உங்கள் மேடத்துக்கு எழுதிய கடிதத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அன்றைக்கு நான் தையல் வகுப்புக்குப் போயிருந்தேன் என்று. இருபத்தொரு வருஷமாக எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன். நான் வகுப்புக்குப் போகவில்லை. சிநேகிதியோடு மத்தியான ஆட்டம் சினிமாவுக்குப் போயிருந்தேன். வகுப்பு முடிஞ்சதும் நேரா வந்துடு என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்.

உனக்கு அது தெரியும். உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அப்பாவை வண்டியில் ஏற்றியதும், நீ என்னைத் தேடித் தையல் வகுப்புக்கு ஓடியிருக்கிறாய். இன்னைக்கு அவ வரலையே என்று டீச்சர் உன்னிடம் சொல்லியிருக்கிறார். ஒரு மாதம் கழித்து அந்த டீச்சரே என்னிடம் இதைச் சொன்னார். உன் தம்பி அன்னைக்கு ஓடி வந்தானே, பாவம், காலில் செருப்புக்கூட இல்லை என்றார். நீ யாரிடமும் சொல்லவில்லை. பதின்மூன்று வயதில் அதை வாய்க்குள் போட்டுப் பூட்டிக்கொண்டாய். எல்லோரும் உனக்கு வார்த்தை வரவில்லை என்று நினைத்தார்கள். அந்த ஒரு வார்த்தையை நீ வேண்டுமென்றுதான் சொல்லாமல் விட்டாய்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை, "அக்கா, அன்னைக்கு..." என்று ஆரம்பித்திருக்கிறாய்? எனக்கு எண்ணிக்கை தெரியும். ஐந்து தடவை. ஐந்து தடவையும் நான் வேறு எதையாவது பேசி உன் வாயை அடைத்துவிட்டேன். கடைசியாக என் கல்யாணத்துக்கு முந்தின நாள். சட்டை இஸ்திரி போட்டாச்சா என்று கேட்டு உன்னை விரட்டிவிட்டேன். உனக்காகப் பேசுகிறேன், உனக்காகப் பேசுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் உன் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்துவிடக் கூடாது என்றுதான் உன் எல்லா வாக்கியத்தையும் நானே முடித்துக்கொண்டிருந்தேன். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாற்பத்தொரு வயது ஆக வேண்டியிருந்தது.

நீயும் நானும் ஒரே மத்தியானத்தில்தான் அடிபட்டோம். நீ அந்த அடியை எடுத்துக்கொண்டு போய், போன் எடுக்கிற நாற்காலியிலேயே உட்கார்ந்தாய். இன்னொரு பிள்ளை அப்படி ஓடக் கூடாது என்று உட்கார்ந்தாய். நான் அதைச் சத்தம் போட்டு மூடிக்கொண்டேன். யார் பெரியவர் என்று இனி யாராவது கேட்டால், ஏழு வயது மூத்தவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வராது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்குப் போன் பண்ணு. மாமா வெளியே போய்விடுவார். நான்தான் எடுப்பேன். ஹலோகூடச் சொல்ல மாட்டேன். விரலால் போனை ஒரு தடவை தட்டுவேன். இருக்கேன் என்று அர்த்தம். அதற்குப் பிறகு நீ பேசு. "அக்கா, அன்னைக்கு" என்று ஆரம்பி. திட்ட வேண்டுமானால் திட்டு. அழ வேண்டுமானால் அழு. நடுவில் நின்றால் நில். உங்கள் விதியில் மூன்று நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். சாயங்காலம் ஆனாலும் போனைக் காதிலிருந்து எடுக்க மாட்டேன்.

நீ முடித்துவிட்டாயா என்று எனக்குத் தெரியாது, நானாக நினைத்துக்கொள்ளவும் மாட்டேன். முடிந்ததும் நீ ஒரு தடவை தட்டு. அப்புறம்தான் வாயைத் திறப்பேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. புதிதாக வரும் ஆறு பிள்ளைகளுக்கும் நன்றாகச் சொல்லிக் கொடு. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

ஞாயிறு பத்து மணிக்குக் காத்திருக்கும்,
உன் அக்கா